முதல் விலையை மட்டும் காட்டி ஹோஸ்டிங் விற்கும் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

இந்தியாவில் ஷேர்டு ஹோஸ்டிங்கும் (ஒரே சர்வரில் பலருடைய வெப்சைட்டுகளுக்கு இடம் தருவது) டொமைனும் (வெப்சைட்டின் பெயர்) விற்கும் நிறுவனங்களின் நிர்வாகிகளுக்கு,

உங்களில் ஒரு நிறுவனம் போன மாதம் தன் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மெயில் அனுப்பியது. சைட்டை நாள்தோறும் நகலெடுத்து வைக்கும் தினசரி பேக்கப் இனிமேல் அடிப்படைத் திட்டத்தில் கிடையாது. வேண்டுமென்றால் மாதாமாதம் தனியாகப் பணம் கட்ட வேண்டும். கட்டாதவர்களின் பழைய பேக்கப்புகள் இரண்டு வாரத்தில் அழிக்கப்படும். அந்த மெயில் வந்த என் வாடிக்கையாளர்கள் எல்லோரும் மூன்று வருடம், நான்கு வருடம் என்று முன்பணம் கட்டியவர்கள். அவர்கள் பணம் கட்டிய நாளில் திட்ட விவரப் பட்டியலில் தினசரி பேக்கப்புக்கு நேராகப் பச்சை நிறத்தில் டிக் இருந்தது. அந்தப் பக்கத்தை நான் பிடிஎஃப் ஆக எடுத்து வைத்திருக்கிறேன். விற்ற பொருளின் ஒரு பாகத்தை, காசு வாங்கிய காலம் முடிவதற்குள் கழற்றி எடுத்து, அதையே மறுபடியும் விலைக்குக் கொடுப்பதை என்னால் பேசாமல் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

ஒரு நிறுவனம் செய்ததற்கு எல்லோருக்கும் ஏன் எழுதுகிறேன் என்று நீங்கள் கேட்கலாம். உங்களில் பலருடைய சர்வர்களில் நான் வேலை செய்திருக்கிறேன். பெயரும் லோகோவும் மாறுகின்றன, விற்கும் முறை மாறுவதில்லை. உள்ளே வரும்போது எல்லாம் சேர்த்து ஒரு சின்ன விலை. வந்து உட்கார்ந்த பிறகு ஒவ்வொன்றாகத் தனி விலை. வெளியே போக நினைத்தால் வழியெல்லாம் தடை. பேக்கப் மெயில் அதில் கடைசியாக வந்தது, அவ்வளவுதான்.

நான் கோயம்புத்தூரில் சிறு வியாபாரிகளுக்கு வெப்சைட் செய்து கொடுத்து, அதைப் பராமரித்துப் பிழைக்கிறவன். பொள்ளாச்சியிலிருந்து தென்னை நாரும் காயர் பித்தும் (நார்த் துகள்) ஏற்றுமதி செய்கிறவர், ஆவாரம்பாளையத்தில் பம்புசெட் உதிரிபாகம் செய்கிறவர், சிறுமுகையில் தறி போட்டு பட்டுச்சேலை விற்கிற குடும்பம், ஒரு டியூஷன் சென்டர் நடத்தும் ஆசிரியை. இவர்கள்தான் உங்கள் வாடிக்கையாளர்கள். இவர்களில் யாரிடமும் கம்ப்யூட்டர் பிரிவு கிடையாது. பலரிடம் கம்ப்யூட்டரே கிடையாது. யூபிஐ, ஜிஎஸ்டி ஓடிபி, பேங்க் ஆப், வாட்ஸ்ஆப் ஆர்டர், உங்கள் ரினியூவல் மெயில், எல்லாம் ஒரே ஒரு ஆண்ட்ராய்டு போனில் வருகின்றன. அந்த போனில் உங்கள் கன்ட்ரோல் பேனல் (சைட்டை நிர்வகிக்கும் பக்கம்) பாதி திரைக்கு வெளியே ஓடுகிறது. ரினியூவல் பட்டனை மட்டும் தேட வேண்டியதில்லை, அது திரையின் நடுவில் வந்து நிற்கிறது.

விலையில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாமே அதிலிருந்துதான் கிளம்புகின்றன. டியூஷன் சென்டருக்கு வாங்கிய திட்டத்தின் கணக்கு இது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் மாதம் 89 ரூபாய். ஒரு மாதத்துக்கு வாங்கினால் அந்த விலை கிடையாது, 48 மாதத்துக்குச் சேர்த்துக் கட்டினால்தான் கிடைக்கும். ஆக 4,272 ரூபாய். அப்புறம் 18 சதவீத ஜிஎஸ்டி. மொத்தம் 5,041. சரி, நான்கு வருடத்துக்கு இது நியாயமான விலைதான் என்று அந்த ஆசிரியை கட்டினார். காலம் முடிந்து வந்த ரினியூவல் பில்லில் மாத விலை 399. அதே 48 மாதத்துக்கு 19,152, வரியோடு 22,599. திட்டத்தில் ஒரு ஜிபி கூடவில்லை, சர்வர் மாறவில்லை. இந்த 399 என்ற எண் முதல் நாளே உங்கள் பக்கத்தில் இருந்தது என்று உங்கள் ஆள் சாட்டில் சொன்னார். இருந்தது உண்மைதான். பக்கத்தின் அடியில், வெளிர் சாம்பல் நிறத்தில், போனில் இரண்டு விரலால் பெரிதாக்கினால்தான் படிக்க முடிகிற அளவில் இருந்தது. ஒரு விலையைச் சொல்லிவிட்டோம் என்று பின்னால் காட்டுவதற்காக எழுதுவதற்கும், வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் உங்கள் வடிவமைப்பாளர்களுக்கு நன்றாகத் தெரியும். நானும் அதே தொழிலில்தான் இருக்கிறேன். எழுத்தின் அளவும் நிறமும் தற்செயலாக அமைவதில்லை.

உங்களுக்குச் செலவு இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்தக் கன்ட்ரோல் பேனல் மென்பொருளை விற்கும் சிபேனல் நிறுவனம் 2019-இல் உரிமக் கட்டணத்தைக் கணக்கு எண்ணிக்கைப்படி மாற்றியபோது உங்கள் செலவு எப்படி ஏறியது என்று பார்த்தவன் நான். டாட் காம் பெயர்களின் பதிவேட்டை நடத்தும் வெரிசைன் அவற்றுக்கு வாங்கும் மொத்த விலை 2024 செப்டம்பரில் 9.59 டாலரிலிருந்து 10.26 டாலராக ஏறியதும் தெரியும். மின்சாரம், டிஸ்க், ஆட்கள், எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். மாதம் 89 ரூபாயில் இதையெல்லாம் நடத்த முடியாது என்பதும் எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அப்படியென்றால் 89 என்பது விலையே இல்லை. உண்மையான விலை 399. அதை முதலிலேயே சொல்லுங்கள் என்கிறேன். 399 கட்டத் தயாராக இருக்கும் வியாபாரிகள் இருக்கிறார்கள். ஆவாரம்பாளையத்துக்காரர் பொருள் வாங்கும்போது முதலில் கேட்பதே இதை எத்தனை வருடம் எந்தச் செலவில் ஓட்டலாம் என்றுதான். அந்தக் கேள்விக்கு உங்கள் விலைப் பக்கத்தில் பதில் இல்லை.

ஷாப்பிங் கார்ட்டுக்கு, அதாவது வாங்கும் கூடைக்கு, வருவோம். திட்டத்தைத் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டும் பக்கத்துக்குப் போனால், வாங்காத பொருட்கள் அங்கே ஏற்கெனவே டிக் ஆகி உட்கார்ந்திருக்கின்றன. சைட் பாதுகாப்பு, பிரீமியம் டிஎன்எஸ், எஸ்இஓ கருவி, எஸ்எஸ்எல் சான்றிதழ். மேலே ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடுகிறது. பக்கத்தை மூடித் திறந்தால் அது மறுபடியும் முதலிலிருந்து ஓடுகிறது.

எஸ்எஸ்எல் விஷயத்தை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சைட்டுக்கும் அதைப் பார்ப்பவருக்கும் இடையில் போகும் தகவலை யாரும் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்ப உதவும் சான்றிதழ் அது. அதை இலவசமாக வழங்கும் லெட்ஸ் என்க்ரிப்ட் 2015 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஃபயர்பாக்ஸ் பிரவுசரைச் செய்யும் மோசில்லா, இணைய உரிமை அமைப்பான இஎஃப்எஃப், மிச்சிகன் பல்கலைக்கழகம் ஆகியவற்றைச் சேர்ந்தவர்கள் தொடங்கி வைத்த முயற்சி அது. யார் வேண்டுமானாலும் 90 நாள் சான்றிதழைக் காசில்லாமல் எடுக்கலாம், சர்வரே தானாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். 2018 ஜூலையில் வந்த குரோம் 68 பிரவுசர், சான்றிதழ் இல்லாத எல்லாத் தளங்களையும் பாதுகாப்பற்றவை என்று முகவரிப் பட்டையிலேயே காட்டத் தொடங்கியது. ஆக ஒவ்வொரு சிறு வியாபாரிக்கும் எஸ்எஸ்எல் கட்டாயம் ஆனது, அதே நேரத்தில் அது இலவசமாகவும் கிடைத்தது. உங்களில் சிலர் அதை அப்படியே கொடுக்கிறீர்கள், அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் மற்ற சிலர் உங்கள் சர்வரில் அந்த வசதியை வேண்டுமென்றே நிறுத்தி வைத்து, அதே வேலையைச் செய்யும் அடிப்படைச் சான்றிதழை வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் விற்கிறீர்கள். சிறுமுகைக் குடும்பம் இரண்டு வருடம் அப்படிக் கட்டியிருக்கிறது. இலவசச் சான்றிதழைக் கையால் போட முயன்றால், 90 நாளுக்கு ஒரு முறை பேனலுக்குள் போய் ஒட்ட வேண்டும். இனி அதுவும் ஓடாது. சான்றிதழ் வழங்குபவர்களும் பிரவுசர் நிறுவனங்களும் சேர்ந்த மன்றம் 2025 ஏப்ரலில் எடுத்த முடிவுப்படி, சான்றிதழின் அதிகபட்ச ஆயுள் 2026 மார்ச் முதல் 200 நாள், 2027 மார்ச் முதல் 100 நாள், 2029 மார்ச் முதல் 47 நாள். காசு கொடுத்து வாங்கிய சான்றிதழுக்கும் இதே கணக்குதான். தானியங்கிப் புதுப்பித்தலை நிறுத்தி வைக்கும் ஹோஸ்டிங்கில் 2029 முதல் ஒன்றரை மாதத்துக்கு ஒரு முறை கடை மூடும்.

இனி பொள்ளாச்சிக்காரருக்கு நடந்தது. என்னை இந்த மடல் வரை கொண்டுவந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

அவர் மூன்று வருட ஹோஸ்டிங் வாங்கினார். கூடவே டொமைன் இலவசம் என்றார்கள். மூன்று வருடத்துக்கு எல்லாம் கட்டியாகிவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள், அவரும் நினைத்தார். ஆனால் இலவச டொமைன் ஒரு வருடத்துக்கு மட்டும்தான். ஹோஸ்டிங்குக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கும்போதே பெயர் காலாவதி ஆனது. தானாகப் புதுப்பிக்கும் வசதி போட்டிருந்தார், ஆனால் பேங்க் மாற்றிக் கொடுத்த புதிய கார்டு உங்கள் கணக்கில் இல்லாததால் அது நடக்கவில்லை. எச்சரிக்கை மெயில் அனுப்பினோம் என்றீர்கள். அனுப்பியிருந்தீர்கள், ஜிமெயிலின் பிரமோஷன்ஸ் பகுதியில் தேடிக் கண்டுபிடித்தேன். தீபாவளித் தள்ளுபடி, கறுப்பு வெள்ளித் தள்ளுபடி, புத்தாண்டுத் தள்ளுபடி, ஏஐ வெப்சைட் பில்டர் என்று அதே முகவரியிலிருந்து, அதே வண்ணத்தில், அதே பேனரோடு வந்து குவிந்த விளம்பரங்களுக்கு நடுவில் அது கிடந்தது. தலைப்பில் டொமைனின் பெயர்கூட இல்லை. சலுகை முடியப் போகிறது என்று நீங்கள் வருடம் முழுவதும் அனுப்பும் மெயிலுக்கும், உங்கள் கடையின் பெயரே போகப் போகிறது என்ற மெயிலுக்கும் வெளியிலிருந்து பார்த்தால் எந்த வேறுபாடும் இல்லை.

பெயர் காலாவதியானதும் சைட் மட்டும் நிற்பதில்லை. அதே டொமைனில்தான் அவருடைய மெயிலும் ஓடியது. நெதர்லாந்தில் இருக்கும் பையர் கன்டெய்னர் விவரம் கேட்டு அனுப்பிய மெயில் திரும்பிப் போனது. சைட்டைத் திறந்து பார்த்தவருக்கு விளம்பரப் பக்கம் ஒன்று தெரிந்தது. அதில் இருந்த இணைப்புகளில் ஒன்று வேறொரு காயர் பித் விற்பனையாளருடையது. ஏற்றுமதித் தொழிலில் ஒருவரைப் பார்க்காமலே லட்சக்கணக்கில் முன்பணம் அனுப்புகிற உறவு அது. அந்த நம்பிக்கைக்கு இருந்த ஒரே முகவரியில் போட்டியாளரின் விளம்பரம் ஓடியது. பேனலில் நுழைந்து பார்த்தால், வழக்கமான கட்டணத்தைப் போலப் பல மடங்கு மீட்புக் கட்டணம் கேட்டது. அவர் பேரம் பேசும் நிலையில் இல்லை, கட்டினார்.

டாட் காம் போன்ற பெயர்களுக்கு, இணையப் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பு 2013 ஆகஸ்ட் முதல் நடைமுறைப்படுத்திய விதி உங்களுக்குத் தெரியும். காலாவதிக்குச் சுமார் ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் அறிவிக்க வேண்டும், முடிந்த ஐந்து நாளுக்குள் இன்னொரு முறை அறிவிக்க வேண்டும். புதுப்பிக்கும் கட்டணமும் மீட்புக் கட்டணமும் வாடிக்கையாளர் பார்க்கும்படி இருக்க வேண்டும். நீங்கள் அந்த விதியை எழுத்துப்படி நிறைவேற்றினீர்கள். அந்த விதி எதற்காக வந்ததோ, அதாவது உரிமையாளருக்குத் தெரியாமல் பெயர் போகக் கூடாது என்பதற்காக, அது நிறைவேறவில்லை.

பேக்கப்பைப் பற்றியும் உங்களிடம் பேச வேண்டும். 2021 மார்ச் 10 அதிகாலை பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓவிஎச் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் ஐந்து மாடித் தரவு மையம் ஒன்று தீப்பிடித்து எரிந்து போனது. பேக்கப் இருக்கிறது என்று நம்பியவர்களில் சிலருக்கு, சைட் இருந்த அதே வளாகத்தில்தான் பேக்கப்பும் இருந்தது என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. பேக்கப் என்பது எங்கே இருக்கிறது, எத்தனை நாளுக்கு இருக்கிறது, கேட்டால் எவ்வளவு நேரத்தில் திரும்பக் கிடைக்கும் என்ற மூன்றும் தெரிந்தால்தான் அதற்கு மதிப்பு. உங்கள் திட்டப் பக்கங்களில் ஒரு டிக் மட்டும் இருக்கிறது. நான் என் வாடிக்கையாளர்களுக்குத் தனியாக வெளியில் பேக்கப் எடுத்து வைக்கிறேன், அதை எல்லா டெவலப்பர்களும் செய்ய வேண்டும். ஆனால் டெவலப்பரே இல்லாமல், உங்கள் விளம்பரத்தைப் பார்த்து நேரடியாக வாங்கிய ஆயிரக்கணக்கான கடைக்காரர்களுக்கு அந்த டிக் மட்டும்தான் இருந்தது. இப்போது அதையும் எடுத்துவிட்டீர்கள், அதுவும் இரண்டு வார அவகாசத்தில், ஆங்கிலத்தில் ஒரே ஒரு மெயில் அனுப்பி.

இடத்துக்கு வரம்பில்லை, சைட்டுகளுக்கு வரம்பில்லை என்று விற்கும் திட்டங்களுக்கும் இதே கதிதான். வரம்பு இருக்கிறது, வேறு இடத்தில் இருக்கிறது. சர்வரில் ஒவ்வொரு ஃபைலும் ஒவ்வொரு ஃபோல்டரும் இன்பாக்ஸில் கிடக்கும் ஒவ்வொரு மெயிலும் ஓர் ஐனோடு, அந்த எண்ணிக்கைக்குத்தான் வரம்பு. சைட் செய்யப் பயன்படும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் ஒரு சேலைப் படத்தை ஏற்றினால் அது பல அளவுகளில் பல ஃபைல்களாக மாறுகிறது. டிஸ்க்கில் இடம் தாராளமாக இருக்கும்போதே ஐனோடு தீர்ந்து, புதுப் படம் ஏறாமல் நிற்கும். அதே போல ஒரே நேரத்தில் எத்தனை பேருக்கு சர்வர் பதில் சொல்லும் என்பதற்கும் ஒரு வரம்பு உண்டு. சிறுமுகைக் குடும்பம் தீபாவளிக்கு முந்தைய வாரம் இன்ஸ்டாகிராமில் காசு போட்டு விளம்பரம் செய்தது. மக்கள் வந்தார்கள். வந்தவர்களுக்கு 508 என்ற பிழைப் பக்கம்தான் கிடைத்தது. சாட்டில் கேட்டால் மேல் திட்டத்துக்கு மாறச் சொன்னார்கள். இந்த வரம்புகள் இருப்பது தவறில்லை, ஒரே சர்வரை நூற்றுக்கணக்கானவர்கள் பகிரும்போது இருந்தே ஆக வேண்டும். ஆனால் அவை விதிமுறைப் பக்கத்தின் ஆழத்தில் இருக்கின்றன, விலைப் பட்டியலில் இல்லை.

மால்வேர், அதாவது தீங்கு செய்யும் நிரல், இருக்கிறது என்று சொல்லி ஒரு சைட்டை நிறுத்தும்போதும் இதே போக்கைப் பார்க்கிறேன். நிறுத்துவது சரிதான், பக்கத்துக் கணக்குகளுக்கும் பரவும். ஆனால் எந்த ஃபைலில் என்ன கிடைத்தது என்ற பட்டியலைக் கேட்டால் கொடுப்பதில்லை. சுத்தம் செய்யும் சேவையை வாங்கும் இணைப்பை மட்டும் கொடுக்கிறீர்கள். பட்டியல் இருந்தால் நான் அரை மணி நேரத்தில் முடிக்கிற வேலை அது. ஃபைல்களைத் திறக்கவும் அனுமதி இல்லாமல், பட்டியலும் இல்லாமல், பணம் கட்டும் வழி மட்டும் திறந்திருப்பதை என் வாடிக்கையாளருக்கு நான் எப்படி விளக்குவது?

விலகிப் போவது இன்னும் கஷ்டம். டொமைனை வேறு நிறுவனத்துக்கு மாற்ற இபிபி கோடு என்ற ரகசியக் குறியீடு வேண்டும். ஐகான் விதிப்படி கேட்ட ஐந்து நாளுக்குள் அது கிடைக்க வேண்டும். உங்களில் சிலர் பேனலிலேயே ஒரு பட்டனில் கொடுக்கிறீர்கள், அவர்களுக்கு என் நன்றி. மற்றவர்களிடம் டிக்கெட் (எழுத்துக் கோரிக்கை) போட வேண்டும், சாட் பாட்டைத் தாண்ட வேண்டும், பிறகு வரும் ஆளிடம் ஏன் போகிறீர்கள் என்று விளக்க வேண்டும், அவர் தள்ளுபடி தருவார், அதை மறுக்க வேண்டும், பிறகு வேறு துறைக்கு மாற்றுவார். வாங்குவதற்கு மூன்று நிமிடம் போதும். வாங்கியதைத் திரும்பக் கொடுப்பதற்கு ஒரு பகல் போய்விடுகிறது. இதில் பெரிய வருத்தம் என்னவென்றால், 22,599 ரூபாய் பில் வந்த ஆசிரியை விலக வேண்டும் என்று சாட்டில் சொன்னதும் ஒரே நிமிடத்தில் விலை பாதியாக இறங்கியது. அதாவது போகத் தெரிந்தவருக்கு ஒரு விலை, நம்பிக் கட்டுகிறவருக்கு இரண்டு மடங்கு.

இதெல்லாம் தொழில் வழக்கம் என்று நீங்கள் சொல்ல முடியாத நிலை வந்துவிட்டது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், இணையத்தில் வாடிக்கையாளரை ஏமாற்றும் 13 வகை வடிவமைப்புகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டிருக்கின்றன. பொய்யான அவசரம், கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, விலையைத் துண்டு துண்டாக வெளிப்படுத்துவது, சந்தாவிலிருந்து வெளியேற முடியாமல் செய்வது, மென்பொருள் சேவைக்குச் சத்தமில்லாமல் தொடர்ந்து பணம் எடுப்பது ஆகியவை அதில் இருக்கின்றன. நான் மேலே எழுதியதில் பாதிக்கு மேல் அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. அதற்கும் முன்பே வந்த 2020 மின்வணிக விதிகள், முன்கூட்டியே டிக் செய்த பெட்டிகளைச் சம்மதமாக எடுக்கக் கூடாது என்கின்றன. குறைதீர் அதிகாரியின் பெயரையும் தொடர்பையும் வெளியிட வேண்டும், புகார் கிடைத்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்கின்றன. வெளிநாட்டில் பதிவாகி இந்தியாவில் விற்பவர்களுக்கும் அவை பொருந்தும்.

எங்கள் வாடிக்கையாளர் வியாபாரி, அவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்ற பதிலை உங்களில் ஒருவரின் ஆள் எனக்கு எழுத்தில் தந்திருக்கிறார். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(7)-இன் விளக்கத்தைப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். சுயதொழிலால் தன் வாழ்வாதாரத்தை ஈட்டுவதற்காக மட்டுமே ஒருவர் ஒரு பொருளை வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்று அது சொல்கிறது. டியூஷன் எடுக்கும் ஆசிரியையும், வீட்டில் தறி வைத்து நெய்து விற்கும் குடும்பமும் அந்த விளக்கத்துக்குள் வருகிறார்கள் என்றே நான் நம்புகிறேன்.

உங்களிடம் நான் கேட்பவை இவை.

பேக்கப்பை நீக்கிய நிறுவனம், ஏற்கெனவே முன்பணம் கட்டியவர்களுக்கு அவர்கள் கட்டிய காலம் முடியும் வரை அதைத் திரும்பக் கொடுக்க வேண்டும். இதற்குள் பயந்து கட்டியவர்களின் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். மற்றவர்கள் இதே வழியில் போக மாட்டோம் என்று உங்கள் விதிமுறைகளில் எழுதுங்கள்: முன்பணம் வாங்கிய காலத்துக்குள் எந்த வசதியையும் குறைப்பதில்லை என்ற ஒரு வரி போதும். பேக்கப் எந்த ஊரில் இருக்கிறது, எத்தனை நாளுக்கு இருக்கிறது, மீட்டெடுக்கக் கட்டணம் உண்டா என்பதையும் திட்டப் பக்கத்தில் சொல்லுங்கள்.

சலுகை விலை எந்த அளவு எழுத்தில் இருக்கிறதோ, அதே அளவில், அதற்குப் பக்கத்திலேயே, ரினியூவல் விலையும் வரி சேர்ந்த மொத்தத் தொகையும் இருக்க வேண்டும். இலவச டொமைன் என்றால் இரண்டாம் வருடக் கட்டணம் அங்கேயே இருக்க வேண்டும். ஐனோடு வரம்பும் ஒரே நேரத்து வருகை வரம்பும் விலைப் பட்டியலுக்கு வர வேண்டும். கார்ட்டில் நாங்கள் சேர்க்காத எதுவும் இருக்கக் கூடாது. ஓடும் கடிகாரத்தை எடுத்துவிடுங்கள்.

காலாவதி அறிவிப்புகளை விளம்பரம் அனுப்பாத ஒரு தனி முகவரியிலிருந்து அனுப்புங்கள். தலைப்பிலேயே டொமைனின் பெயரும் கடைசித் தேதியும் இருக்கட்டும். எஸ்எம்எஸ்ஸிலும் அனுப்புங்கள். கணக்குத் தொடங்கும்போதே தமிழில் வேண்டுமா என்று கேளுங்கள். தமிழில் விளம்பரம் செய்து விற்கத் தெரிந்த உங்களுக்குத் தமிழில் எச்சரிக்கை அனுப்புவது கடினமாக இருக்காது. ஹோஸ்டிங் காலம் ஓடிக்கொண்டிருக்கும்போது டொமைன் மட்டும் காலாவதியானால், அந்தப் பெயரில் விளம்பரப் பக்கம் ஓட்டாதீர்கள்.

இலவச எஸ்எஸ்எல்லும் அதன் தானியங்கிப் புதுப்பித்தலும் எல்லாத் திட்டங்களிலும் வேண்டும். 2029 வரை காத்திருக்க வேண்டாம். மால்வேர் காரணமாக ஒரு கணக்கை நிறுத்தினால், கண்டறிந்த ஃபைல்களின் பட்டியலை அந்த அறிவிப்பிலேயே கொடுங்கள், உரிமையாளரோ அவருடைய டெவலப்பரோ உள்ளே வந்து சுத்தம் செய்ய வழி கொடுங்கள்.

இபிபி கோடு பேனலில் ஒரு பட்டனில் கிடைக்க வேண்டும், யாரிடமும் காரணம் சொல்லத் தேவையில்லாமல். ஹோஸ்டிங் முடிந்த பிறகும் 30 நாள் வரை ஃபைல்களையும் டேட்டாபேஸையும் மெயில்களையும் முழுதாக இறக்கிக்கொள்ள அனுமதியுங்கள், அதற்குக் கட்டணம் வேண்டாம். விலகுகிறேன் என்று சொல்பவருக்கு எந்த ரினியூவல் விலை கொடுக்கிறீர்களோ, அதையே எல்லோருக்கும் கொடுங்கள்.

ஒரு மாதம் காத்திருப்பேன். பேக்கப் முடிவு அதற்குள் திரும்பப் பெறப்படாவிட்டால், என் வாடிக்கையாளர்களின் சம்மதத்தோடு, அவர்களுடைய ரசீதுகளையும் சாட் பதிவுகளையும் சேர்த்து தேசிய நுகர்வோர் உதவி மையத்திலும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்திலும் எழுத்தில் புகார் கொடுப்பேன். அவர்களின் சைட்டுகளையும் டொமைன்களையும் வேறு இடத்துக்கு மாற்றும் வேலையையும் தொடங்கிவிடுவேன். அப்போது இபிபி கோடுகளை விதி சொல்லும் ஐந்து நாளுக்குள் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கோயம்புத்தூரிலிருந்து ஒரு வெப் டெவலப்பர்